தியானமும் சத்திர வைத்தியமும்

ஆணவமலம் வெறும் அறியாமை யன்று. உயிரைப் பற்றி நிற்பதொரு திரவியம் என்பது சித்தாந்தம். ஆதலின் அதன் மறைப்பு, உளதென்று அறிந்த அளவில் நீங்காது. தீக்கை யென்னும் இறைவன் செயலால் நீங்கும். இதற்கு அகோரசிவாசாரியர் முதலாயினோர் காட்டும் உவமை கண்ணிற் படலம். படலம் உளதென்று நோயாளன் எத்துணைத் தெளிவாக அறியினும் அவ்வறிவால் அஃது அகலாது. வைத்தியன் கருவியெடுத்துச் செய்யுஞ் செயலாலேயே அகலும்.

இவ்வுவமையிற் சத்திர வைத்தியன் குருவின் தானத்தில் நிற்கின்றான். ஆயின் அவன் உள்ளம் எந்நிலையில் நிற்றல் வேண்டும்? தியானம் அவனுக்குத் தரும் பயன் யாது? இவை ஈண்டு ஆராயப்படும்.

இதற்கு உதாரணமாவார் நம் நாட்டிலேயே வாழ்ந்தனர். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த கோ. வெங்கடசாமி என்னும் கண் வைத்தியரே அவர். 1944-இல் வைத்தியப் பட்டம் பெற்று இராணுவ வைத்தியராயினார். கொடிய முடக்குவாதம் பற்றிக் கைவிரல்கள் கோணிப்போக, 1948-இல் அப்பணியினின்றும் நீங்கினார். பின்னர்க் கண் வைத்தியம் பயின்று, அக் கோணிய விரல்களாலேயே தம் வாழ்நாளில் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். அரவிந்தர் யோகநெறியில் நின்று நாடோறுந் தியானஞ் செய்தவர். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை 1988-இல் திருநெல்வேலியிலும் அமைந்தது. அவர் 2006-இல் மறைந்தார்.

தியானத்தால் அவர் விரல்கள் நேராயினவோ எனின், ஆகவில்லை. இறுதிவரை கோணியே இருந்தன. தம் கைக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டும் இடையறாது பயின்றுமே அவர் கைத்திறன் எய்தினார். ஆகவே தியானம் கைத்திறனைத் தருமென்று கூறுதல் பிழை. படலம் தியானத்தால் அகலாதது போலவே, பயிலாத கையும் தியானத்தால் தேறாது.

அற்றேல் தியானத்தின் பயன் யாதெனின், கூறுதும். கண்வில்லையைப் பொதிந்த பின்னுறை ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கினும் மெல்லியது. வல்லவர் கையிலும் அஃது ஒரோவழிக் கிழிதலுண்டு. அக்கணத்தில் 'என் பெயர் என்னாகும்' என்று எண்ணும் உள்ளம் தன்னையே நோக்குகின்றது. 'இக்கண்ணுக்கு இனிச் செய்யத்தக்கது யாது' என்று எண்ணும் உள்ளம் நோயாளனை நோக்குகின்றது. முன்னதினின்றும் பின்னதற்கு விரைந்து மீளும் பழக்கமே தியானத்தின் பயன். அது மனக்கலக்கத்தை ஓரளவு தணிக்குமென்பதை இக்கால ஆராய்ச்சியாளரும் உடன்படுவர். அத்தணிவுக்கும் மூலம் 'யான்' 'எனது' என்னுஞ் செருக்குக் குறைதலே யென்பது நம் துணிபு.

எல்லாஞ் சிவன் செயலாயின் பயிற்சி எற்றுக்கு எனின், அற்றன்று. குருவை அதிட்டித்து நின்று தீக்கை செய்பவன் சிவபெருமானே யாயினும், ஆகமங் கற்றுக் கிரியை வழுவாமை குருவின் கடமையாம். சிவன் செயல் என்பது செய்தான் செருக்கை அறுப்பதற்கு உரியது. சோம்பலை மறைப்பதற்கு உரியதன்று.

அவர் சிவதீக்கை பெற்றவரல்லர், அவர் யோகம் நம் யோகமன்று என்பார்க்கு, ஆம், அதனை நம்மதென்று யாம் கொள்கின்றிலேம். ஆயினும் பொருநைக் கரையில் விக்கிரமசிங்கபுரத்துத் தோன்றிய சிவஞான முனிவர் மாபாடியம் விரித்த சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலைக் கற்பிக்கின்றது. அதனைப் பாடஞ் சொல்லும் நாம் ஒரு சிறு பழிச்சொற்கும் உள்ளங் கொதிக்கின்றோம். புறநெறியில் நின்ற ஒருவர் கோணிய விரல்களோடு பணியில் நின்றார். அவரை அளத்தற்கு முன் நம்மை அளந்துகொள்ளுதல் முறை.

திருச்சிற்றம்பலம்.