மறதியும் மனப்பாடமும்

தேர்வு நெருங்கிவிட்டால் எங்கள் விடுதியில் விடியற்காலையிலேயே தேனீக் கூட்டின் இரைச்சல்தான். ஒரே பக்கத்தைப் பத்து முறை உருப்போடுவதும், தேர்வறையில் திருதிருவென விழிப்பதும், வெளியே வந்து "எனக்கு ஞாபகசக்தியே இல்லையடி" என்று கண்கலங்குவதும் எங்களில் பலருக்கும் நேர்வதே. சென்ற ஆண்டு அப்படிக் கலங்கிய தோழி ஒருத்தி, படிப்பையே நிறுத்திவிடப் போவதாக வீட்டாரிடம் சொல்லிவிட்டாள். ஞாபகசக்தி பிறவியிலேயே அளந்து கொடுக்கப்படுவதுதானா என்றறிய அதன் பின்பே உளவியல் நூல்களைப் புரட்டலானோம்.

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, சில காலம் கழித்து அவற்றையே மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885இல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது, ஒரு நாள் சென்றால் மூன்றில் ஒரு பங்கே நிற்கிறது. பிறகு மறதியின் வேகம் தணிகிறது. 31 நாள் கழித்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியது. அவருக்கே இந்தக் கதி என்றால் நாம் வெட்கப்படுவானேன்!

ஆனால் அவர் கற்றவை பொருளற்ற அசைகள் என்பதை மறக்கலாகாது. பொருள் தெரிந்தால் கதையே வேறு. ஒரே சமயத்தில் ஏறக்குறைய ஏழு கூறுகளையே மனம் தாங்கும் என்று 1956இல் அமெரிக்க அறிஞர் மில்லர் எழுதினார். இப்போது 2410180115081947 என்ற எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பதினாறு இலக்கங்கள்! வெளியூரார் திணறுவர். நம் திருப்பத்தூர்ப் பெண்ணோ, மருது சகோதரர்கள் இவ்வூரில் தூக்கிலிடப்பட்ட 24-10-1801, நாடு விடுதலை பெற்ற 15-8-1947 என இரண்டே கூறுகளாக்கிச் சொல்லிவிடுவாள்.

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்றோரைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டவர், சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன். 1981இல் 'பை' என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களை ஒப்பித்தவர் அவர். இவ்வாற்றல் பிறவிக் கொடையா, பயிற்சியா என்று அறிஞர்கள் வாதிட்டனர். 2004இல் வெளியான ஆய்வில், இலக்கங்களுக்குப் பதில் பழக்கமில்லாத குறிகளைக் கொடுத்தபோது, தொடக்கத்தில் அவர் மற்றவர்களைப் போலவே சில குறிகளோடு நின்றுவிட்டார். பழகப் பழகத்தான் கூடியது. எங்களுக்குப் பெரிய ஆறுதல் தந்தது இதுவே.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் செய்த சோதனையோ எங்கள் உருப்போடுதலின் தலையிலேயே குட்டியது. ஒரு சாரார் பாடத்தை நான்கு முறை படித்தனர். மறுசாரார் ஒருமுறை படித்தபின் மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் சென்றதும் அவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61. இதில் வேடிக்கை, தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியும் நம்பியவர்கள் நான்கு முறை படித்தவர்களே!

இப்போதெல்லாம் படிப்பு மணி அடித்துச் சிறிது நேரத்தில் புத்தகங்களை மூடிவிட்டு ஒருவரையொருவர் கேள்வி கேட்கிறோம். இரைச்சல் முன்னைவிடக் கூடிவிட்டதாக விடுதிச் சகோதரிக்குக் குறை. படிப்பை நிறுத்த இருந்த தோழியும் எங்களோடுதான் இருக்கிறாள். வேதியியல் சமன்பாடுகளில் எங்களை மடக்குபவள் அவளே.