ஈரக் கணக்கில் நேரம் தவறலாமா?

குழித்தட்டு நாற்றங்கால் வைத்திருக்கும் உழவர்கள், தட்டின் ஈரத்தை அறியச் சென்சார் பொருத்தி, அளவுகளைச் சிறு கணினிப் பெட்டியில் பதிவு செய்யலாம். ஆனால் தேதி போடாத பால் கணக்கு எப்படியோ, அப்படித்தான் நேரம் தவறிய ஈரக் கணக்கும். கணக்கு இருக்கும், பயன் இராது.

பதிவாகும் முறை

சென்சாருடன் இணைந்த மின்னணுப் பலகை, 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி அளவை சீரியல் போர்ட் வழியே அனுப்புவதாகக் கொள்வோம். ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் பெட்டி அதை வாங்கிக் கோப்பில் எழுதும். இரு பக்கமும் ஒரே வேகத்தில், உதாரணமாக 9600 என்று, அமைந்திருக்க வேண்டும். இல்லையேல் எழுத்துக்கள் சிதைந்து வரும்.

இத்தகைய எளிய பலகைகளுக்கு மணி தெரியாது. எனவே வரி வந்த உடனே பெட்டிதான் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். பல வரிகளைச் சேர்த்து வைத்துப் பிறகு குறித்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் விழும்.

தவறு நேர்வது எப்படி?

ராஸ்பெர்ரி பை 4 வரையுள்ள பலகைகளில் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் இல்லை. 5-இல் கடிகாரம் உண்டு; அதற்கான பேட்டரியைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். இணையம் கிடைத்தால் பெட்டி நேரத்தைத் திருத்திக்கொள்ளும். கிடைக்காவிட்டால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே மீண்டும் தொடங்கும்.

இரவு 10 மணிக்கு மின்சாரம் போய் விடியற்காலை 4 மணிக்கு வருவதாகக் கொள்வோம். பெட்டிக்கு அப்போதும் மணி 10-தான். காலை 6 மணிக்குத் தண்ணீர் தெளித்தால் நள்ளிரவு 12 என்று பதிவாகும். 9 மணிக்கு இணையம் கிடைத்து நேரம் திருந்துகிறது. மாலை 6 மணிக்குத் தட்டு காய்கிறது. உண்மையில் ஈரம் நின்றது 12 மணி நேரம். பதிவேடு காட்டுவது 18 மணி நேரம். அதை நம்பி அடுத்த தண்ணீரைத் தள்ளிப்போட்டால், கோடையில் தக்காளி, மிளகாய் நாற்றுகள் வாடிவிடும்.

செய்ய வேண்டியவை

1. டிஎஸ்3231 போன்ற கடிகாரத் துண்டைப் பேட்டரியுடன் பொருத்தி, லினக்ஸ் அமைப்பிலும் அதை இயக்கிவிட வேண்டும். இது ஆண்டுக்கு ஒரு நிமிட அளவே பிசகும்.

2. நேரத்தை ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி என்ற வரிசையில் எழுதச் செய்யவும். இந்திய நேரமா, அதற்கு 5.30 மணி பின்தங்கிய உலகப் பொது நேரமா என்பதையும் குறிக்கவும்.

3. நாளுக்கு ஒரு கோப்பு வைக்கவும். நாளொன்றுக்கு 144 வரிகளே ஆவதால் இடத்துக்குக் குறைவில்லை.

4. திடீர் மின்தடையில் நினைவக அட்டை கெடக்கூடும். வாரம் ஒருமுறை நகல் எடுத்து வைக்கவும்.

சோதித்துப் பார்க்கவும்

இணையத்தைத் துண்டித்து, பெட்டியை முறைப்படி நிறுத்தி, அரை மணி கழித்து மீண்டும் இயக்கவும். புதிய வரியின் நேரம் கைக்கடிகாரத்துடன் ஒத்திருந்தால் பதிவேட்டை நம்பலாம். அரை மணி பின்தங்கினாலோ, 1970 ஜனவரி 1 என்று காட்டினாலோ கடிகாரம் வேலை செய்யவில்லை என்று பொருள். அது சரியாகும்வரை, தட்டைக் கையால் தொட்டுப் பார்த்தே தண்ணீர் விடவும்.