பழைய மோட்டார் சைக்கிளில் பாட்டரி அடிக்கடி இறங்குவது ஏன்?

கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகவும், சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லவும், இரவில் தண்ணீர் பாய்ச்ச வயலுக்குப் போகவும் சிறு விவசாயிகள் பலருக்குப் பழைய மோட்டார் சைக்கிளே துணை. ஹாரன் கம்முவது, இண்டிகேட்டர் எரியாமல் நிற்பது, பாட்டரி இறங்கிப் போவது ஆகியவை இவ்வண்டிகளில் அடிக்கடி காணும் கோளாறுகள். உடனே புதிய பாட்டரி வாங்கிப் போடுவது பலரின் வழக்கம். பாட்டரிக்கு மின்சாரம் வந்து சேரும் வழியில் கோளாறு இருந்தால், புதிய பாட்டரியும் சில வாரங்களில் இறங்கிவிடும். செலவு செய்த பணம் வீணாகும். எனவே முதலில் முறைப்படி சோதிக்க வேண்டும். இதற்குச் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும்.

மின்சாரம் வரும் வழி

என்ஜின் சுழலும்போது காந்தச் சக்கரமும் சுழன்று, காயிலில் மாறு மின்சாரம் உண்டாகிறது. ரெக்டிபயர் இதை நேர் மின்சாரமாக்குகிறது. ரெகுலேட்டர் அளவு மீறாமல் காக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டியில் உள்ளன. பழைய 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு காயிலிலிருந்தே எரியும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு ஆகியவை பாட்டரியால் இயங்கும். ஆகவே முகப்பு விளக்கு நன்றாக எரிந்து, ஹாரன் மட்டும் அடிக்காவிட்டால் பாட்டரி, பியூஸ் பக்கம் முதலில் பார்க்க வேண்டும்.

இத்தகைய வண்டிகள் பலவும் பாட்டரி இல்லாமலே கிக்கரில் கிளம்பிவிடும். இதனால் பலர் கோளாறைக் கவனிப்பதில்லை. ஆனால் இருட்டில் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதல் சோதனை: பாட்டரி

இரவு முழுவதும் நிறுத்தி வைத்த வண்டியில் காலையில் பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்கவும். 12 வோல்ட் பாட்டரி நிறைவாக இருந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் காட்டினால் பெரிதும் இறங்கிவிட்டது என்று பொருள். 6 வோல்ட் பாட்டரிக்கு இவ்வளவுகளில் பாதியைக் கொள்ளவும்.

மூடி திறக்கும் பாட்டரியில் நீர் குறைந்திருந்தால் மேல் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் ஆசிடும் கூடாது. வெளியில் சார்ஜ் செய்யும்போது பாட்டரித் திறனில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமே செலுத்த வேண்டும். 5 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு அரை ஆம்பியர். அச்சமயம் எரியும் வாயு வெளிப்படும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. நிறைவாகச் சார்ஜ் செய்து, வயர்களைக் கழற்றி வைத்தும் ஓரிரு நாளில் இறங்கினால், பாட்டரியே போய்விட்டது.

இரண்டாவது: முனை, பியூஸ், எர்த்

உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் உப்பும் ஈரமும் சேர்ந்து முனைகள் பூத்துவிடும். வயர்களைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்த்தி, இறுக மாட்டி வாசலின் தடவவும். சோடா நீர் பாட்டரிக்குள் இறங்கக் கூடாது. எர்த் வயர் சட்டத்தில் சேரும் இடத்தில் துருவும் பெயிண்டும் இல்லாதபடி சுரண்டிவிடவும். பியூஸ் போனால் அதே ஆம்பியர் உள்ளதையே போட வேண்டும். செப்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றினால் வயர் தீப்பற்றலாம். கைப்பிடிக்குக் கீழே வயர்கள் உராயும் இடத்தையும், எலி கடித்த இடம் உண்டா என்பதையும் பார்க்கவும்.

மூன்றாவது: ஓடும்போது சார்ஜ்

நல்ல பாட்டரியை மாட்டி, என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு மீட்டரைப் பார்க்கவும். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் சரி. வேகம் கூட்டியும் 13 வோல்ட்டைத் தாண்டாவிட்டால் சார்ஜ் போதவில்லை. 15 வோல்ட்டுக்கு மேல் போனால் ரெகுலேட்டர் பழுது. பாட்டரி நீர் விரைவில் வற்றும், பல்புகள் போகும். ஓடும் என்ஜினில் பாட்டரி வயரை ஒருபோதும் கழற்றக் கூடாது.

சார்ஜ் வராவிட்டால் என்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டர் இணைப்பைக் கழற்றவும். முகப்பு விளக்கை அணைத்தபடி என்ஜினைக் கிளப்பி, காயில் வயரில் மாறு மின்சார அளவைப் பார்க்கவும். வேகத்துடன் வோல்ட் ஏறினால் காயில் வேலை செய்கிறது. ரெகுலேட்டர் அல்லது இடைப்பட்ட வயரில்தான் சந்தேகம். ஏறாவிட்டால் காயிலைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் காயிலின் ஒரு முனை என்ஜினோடு எர்த் ஆகியே இருக்கும். அதைக் கண்டு காயில் ஷார்ட் என்று முடிவு கட்டக் கூடாது.

நான்காவது: கசிவு

சார்ஜ் சரியாக இருந்தும் நிறுத்திய வண்டியில் பாட்டரி இறங்கினால் கசிவு உண்டு. சாவியை அணைத்து, பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளவில் இணைக்கவும். பழைய வண்டியில் அநேகமாக ஒன்றும் காட்டக் கூடாது. காட்டினால் ரெகுலேட்டர் இணைப்பைக் கழற்றிப் பார்க்கவும். கசிவு நின்றால் குற்றம் அப்பெட்டியில். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது.

கூடுதல் விளக்கும் பெரிய ஹாரனும் பொருத்திய வண்டியில் காயில் தரும் மின்சாரம் போதாமலே பாட்டரி இறங்கலாம். அவற்றைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. பாட்டரியைக் கழற்றும்போது எர்த் வயரை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். முனை மாற்றி மாட்டினால் ரெக்டிபயர் நொடியில் போய்விடும். மெக்கானிக்கிடம் செல்வோர் மேற்கண்ட அளவுகளைக் குறித்துக்கொண்டு போனால், தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும்.