பன்னீர்த் திராட்சையின் குணமும் கவாத்துக் காலமும்

கிணற்றுப் பாசனத்தைக் கொண்டு பன்னீர்த் திராட்சை வைக்க எண்ணும் இண்டூர்ப் பட்டாதார்கள், நாற்றின் விலையை விசாரிக்குமுன் தங்கள் ஊரின் மழை மாதங்களைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். இக்கொடி மண்ணுக்கு அவ்வளவாக அஞ்சுவதன்று. பழுக்குங் காலத்து மழைக்கே அஞ்சுவது.

ஐரோப்பியர் மஸ்கட் ஹாம்பர்க் என வழங்கும் ஜாதியே இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், அலெக்ஸாந்திரியா மஸ்கட்டையும் கறுப்பு ஹாம்பர்க்கையும் கலந்து உண்டாக்கப்பட்டது. மணம் முன்னதின் கொடை. நிறம் பின்னதின் கொடை. தின்பதற்கேயன்றிச் சிவந்த மது வடிப்பதற்கும் ரசம் பிழிவதற்கும் உகந்தது. ஆனால் தோல் மெல்லியது. பழுத்த குலையின்மேல் மழை பெய்தால் தோல் வெடித்து, ஒரு பழத்தின் அழுகல் குலை முழுதும் பரவும். அத்தகைய சரக்கை வியாபாரியும் கொள்ளான், மது வடிப்போரும் கொள்ளார்.

தேனி ஜில்லா கம்பம் பள்ளத்தாக்கில் வருஷ முழுதும் அறுவடை நடப்பதைக் கண்டு, நாமும் அவ்வாறே செய்யலாமெனக் கருதலாகாது. அது மலையின் மழை மறைவிலுள்ள பூமி. 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தமையால், இங்கு விளைந்ததை அப்பெயரிட்டு விற்பதும் கூடாது.

ஆனி, ஆடியில் 2 அடி ஆழ வாய்க்கால் வெட்டி, 10 அடிக்கு 6½ அடி இடைவெளியில் நட்டு, ஒற்றைத் தண்டாகப் பந்தலில் ஏற்றுக. கவாத்து செய்தது முதல் சுமார் 120 நாளில் பழம் முதிரும். ஆகவே மார்கழி முதல் வாரத்தில், கிளைக்கு நான்கு கணு விட்டு நறுக்கினால், கோடைமழை வலுக்குமுன் சித்திரைத் தொடக்கத்தில் அறுக்கலாம். வைகாசிக் கவாத்தின் பழமோ புரட்டாசி மழையில் அகப்படும். அப்போகத்தை நம்பிக் கடன் வாங்குதல் வேண்டாம்.

சித்திரைப் பழத்திற்கும் ஒரு விலையுண்டு. காய் பருக்கும் பங்குனியில்தான் கிணறு வற்றும். அம்மாதத்தில் நிற்கும் தண்ணீர் எவ்வளவோ, பந்தலும் அவ்வளவே இருக்கட்டும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு நீரை நிறுத்துக.

மார்கழித் தூறலில் இளந்தளிரை அடிச்சாம்பல் நோய் பற்றும். 1885-ல் பிரான்ஸ் தேசத்து மில்லார்தே வெளியிட்ட போர்தோக் கலவையே இன்றும் இதற்குத் தக்க மருந்து. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்ற வேண்டும். பாத்திரம் மண் அல்லது மரமாயிருக்கட்டும். தீட்டிய கத்தியைச் சற்று நேரம் முக்கி எடுக்கையில் செம்பு படிந்திருந்தால், இன்னும் சுண்ணாம்பு சேர்த்த பின்னரே தெளிக்கவேண்டும்.