மீன் தொட்டிச் செடிகளுக்கு உரமிடும் நேரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி)

செடிக்கு உணவு எவ்வளவு தேவையோ, அதனைக் கொடுக்கும் காலமும் அவ்வளவு தேவையானது. தண்ணீருக்குள் வளரும் செடிகளுக்கு இவ்வுண்மை மேலும் பொருந்தும். எங்கள் ஆய்வகத்துக் கண்ணாடித் தொட்டி எனக்குக் கற்பித்த இப்பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனையும் செடியையும் ஒரே தொட்டியில் வளர்ப்பது புதிதன்று. 1850ஆம் ஆண்டிலேயே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர் தங்கமீன், வாலிஸ்நீரியா, நத்தை ஆகியவற்றைச் சேர்த்து வளர்த்து, ஒன்றின் வாழ்வு மற்றொன்றுக்குத் துணையாவதை விளக்கினார். ஆயினும் செடிகள் அடர்ந்த தொட்டியில் மீனின் கழிவு மட்டுமே போதிய உணவாகாது. நைட்ரஜன், பொட்டாசியம், இரும்பு முதலியவற்றை நாம் சேர்க்க வேண்டும். தேங்கும் கழிவை நீக்க, வாரந்தோறும் தண்ணீரின் ஒரு பகுதியை மாற்றவும் வேண்டும். இவ்விரண்டில் எது முன், எது பின் என்பதே கேள்வி.

நான் செய்த தவறு

எங்கள் தொட்டி 60 லிட்டர் கொள்ளும். ஒளிச்சேர்க்கைச் செய்முறைக்கு வேண்டிய ஹைட்ரில்லா அதில் வளர்கிறது. சென்ற ஆண்டு அதனைப் பராமரிக்கும் பொறுப்பைப் பேராசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். விடுமுறையில் செடி பட்டினி கிடக்கக் கூடாதென்று வெள்ளிக்கிழமை மாலை 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்து ஊற்றுவேன். திங்கட்கிழமை காலையில் பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்புவேன். இரண்டையும் ஒரு வாரம்கூடத் தவறாமல் செய்தேன். ஆனால் அடி இலைகள் மஞ்சளித்தன. வில்மாட் குமிழ்க் கருவியில் அச்செடியை வைத்தபோது எப்போதோ ஒரு குமிழ்தான் வந்தது. வகுப்பில் ஒருவருக்கும் அளவீடு கிடைக்கவில்லை. செய்முறைத் தேர்வுக்கு ஏழு வாரங்களே இருந்தன. என்னால் எல்லோருக்கும் மதிப்பெண் போய்விடுமோ என்று அஞ்சினேன்.

என் தந்தையார் கூலி விவசாயி, பள்ளிக்குச் செல்லாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நான் ஒருத்தியே. ஊருக்குச் சென்றபோது இதனை அவரிடம் சொன்னேன்.

"ஏம்மா, மடையை அடைச்சுட்டுத்தானே யூரியா போடணும்? போட்டுட்டு மடையைத் திறந்துவிட்டா பயிருக்கு என்ன மிஞ்சும்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கணக்கு காட்டும் உண்மை

1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டில் ஏறத்தாழ 0.61 கிராம் நைட்ரேட் உள்ளது. 60 லிட்டரில் அது லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகிறது. செடி எதையும் உண்ணவில்லை என்றும், புதுத் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். உரமிட்ட பின் பாதித் தண்ணீரை மாற்றினால், திங்கள் முதல் வெள்ளி வரை தொட்டியில் இருப்பது முதல் வாரம் 5, அடுத்து 7.5, பின்பு 8.75, எத்தனை வாரமானாலும் 10ஐத் தாண்டாது. தண்ணீரை மாற்றிய பின் உரமிட்டாலோ 10, 15, 17.5 என உயர்ந்து 20ஐ நெருங்கும். அதே உரம், அதே செலவு. செடிக்குக் கிட்டுவதோ இரு மடங்கு!

உரம் அளவின்றிச் சேர்ந்துவிடுமோ என்ற அச்சமும் வேண்டியதில்லை. வாரம் பாதித் தண்ணீரை மாற்றினால் ஒரு வார அளவின் இரு மடங்குக்கு மேல் சேராது. கால் பங்கு மட்டும் மாற்றினால் நான்கு மடங்கு வரை சேரும். அமெரிக்கரான டாம் பார் பரப்பிய உரமிடும் முறை, வாரம் பாதித் தண்ணீரை மாற்றும் இக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டது.

கைக்கொள்ள வேண்டியவை

1. பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து பயன்படுத்துக.

2. தண்ணீரை மாற்றிய பின்னரே நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் உரங்களை இடுக.

3. இரும்புச் சத்தை மறுநாள் இடுக. பாஸ்பேட்டும் இரும்பும் ஒருங்கே சேர்ந்தால் கரையாத படிவமாகிச் செடிக்குப் பயன்படாமற் போகலாம்.

4. இலையைப் பார்த்துக் குறையை அறிக. நைட்ரஜன் செடிக்குள் இடம்பெயரும். ஆகவே அது குறைந்தால் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளிக்கும். இரும்பு எளிதில் இடம்பெயராது. ஆகவே அது குறைந்தால் இளந்தளிர் வெளுக்கும்.

5. வயலுக்கு இடும் யூரியாவைத் தொட்டியில் இடவே கூடாது. அது சிதைந்து அம்மோனியாவாகி மீன்களைக் கொன்றுவிடும்.

திங்கட்கிழமை தண்ணீர் மாற்றியவுடன் உரமிடும் வழக்கத்தை அந்த வாரமே தொடங்கினேன். மஞ்சளித்த இலைகள் மீளவில்லை; ஆனால் அவற்றின் மேலே புதுத் தளிர்கள் பசுமையாக வந்தன. தேர்வு நாளன்று குமிழ்கள் எண்ணும்படி ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

வயலில் என் தந்தையார் ஆண்டுதோறும் செய்து வந்ததை, பாடநூலோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. கிராமத்திலிருந்து வரும் நம்மில் பலரது வீடுகளிலும் இத்தகைய அறிவு இருக்கிறது. அதனைக் கேட்டறிந்து, ஏன் என்று ஆராய்வது மாணவர்களாகிய நம் கடமை. இப்போது எங்கள் தொட்டியின் மேல் ஓர் அட்டை தொங்குகிறது: "முதலில் தண்ணீர், பிறகு உரம்."