ஒரே பாறை, இரு காட்சிகள்: கொங்கணக் கரையில் ஒரு நாள்

எரிமலை என்றவுடன் உச்சியில் வாய் திறந்து புகை கக்கும் கூம்பு வடிவ மலையே நம் நினைவுக்கு வருகிறது. மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலைத்தொடரில் அத்தகைய கூம்பைக் காண இயலாது. ஆயினும் அம்மலைகளின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பால் ஆனதே. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தில் ஏற்பட்ட நீண்ட பிளவுகளின் வழியே குழம்பு பொங்கி வழிந்து, அடுக்கடுக்காகப் பரவி, பசால்ட் என்னும் கரும்பாறையாக இறுகியது. இன்று எஞ்சியுள்ள பரப்பு மட்டும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். இப்பாறையைக் கடலும் மழையும் எவ்வாறு செதுக்குகின்றன என்பதை ராய்கட் மாவட்டத்தில் ஒரே நாளில் கண்டறியலாம்.

காலை: ஹரிஹரேஷ்வர் கடற்கரை

இங்குள்ள கோயிலின் வலம்வரும் பாதை, பாறைப் பிளவொன்றின் ஊடே படிகளாக இறங்கிக் கடலோரத்தை அடைகிறது. அங்கே பாறைச் சுவரெங்கும் தேன்கூட்டைப் போன்ற குழிகளைக் காண்கிறோம். கடல்நீர் பாறையின் நுண்துளைகளில் புகுந்து உலரும்போது உப்புப் படிகங்கள் வளர்ந்து கல்லின் துகள்களைப் பெயர்க்கின்றன. இச்செயல் ஓயாது நிகழ்வதால் குழிகள் உருவாகின்றன. காலடியில் உள்ள தட்டையான பாறைத்தளமோ அலைகள் அறுத்துச் சமன்செய்தது.

இத்தளம் கடல்நீர் வற்றும் நேரத்தில்தான் வெளிப்படும். நீர் ஏறும்போது அதே இடத்தில் அலைகள் மோதுகின்றன. அவற்றில் அகப்பட்டு உயிரிழந்தோர் உண்டு. எனவே பயணத் தேதியைத் தீர்மானிக்கும் முன் கடல் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்ப்பது இன்றியமையாதது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் இக்கரையில் காலை வற்றம் பெரும்பாலும் ஆறு மணியை ஒட்டி வரும். அதன்பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடங்கள் தள்ளிப்போகும். ஆகவே பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில், நன்கு வெளிச்சம் பரவிய பின் வற்றம் அமைகிறது. அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக இறங்கி, நீர் திரும்பத் தொடங்கியதும் மேலேறிவிட வேண்டும். தவணை தவறினால் வங்கி அவகாசம் தரக்கூடும், கடல் தராது.

பிற்பகல்: ராய்கட் மலை

மாணகாவ், மஹாட் வழியே ராய்கட் சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். மஹாட் நகரை ஒட்டி ஓடும் சாவித்திரி ஆறு, மகாபலேஷ்வரில் பிறந்து ஹரிஹரேஷ்வர் அருகே கடலில் கலப்பது.

மலையடிவாரத்தில் நின்று செங்குத்துச் சரிவை உற்றுநோக்கினால், கிடைமட்டக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு பட்டையும் ஒரு குழம்புப் பெருக்கு. அதன் நடுப்பகுதி கெட்டியானது. மேற்பகுதி வாயுக்குமிழ்கள் நிறைந்து மென்மையானது. மழை மென்பகுதியை விரைவில் கரைப்பதால் மலை படிக்கட்டு வடிவம் பெறுகிறது. சில அடுக்குகளின் இடையே காணப்படும் செம்மண் பட்டை, ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே பாறை மண்ணாகும் அளவுக்குக் காலம் கழிந்ததைக் காட்டுகிறது.

இச்செங்குத்துச் சுவர்களே கோட்டைக்கு இயற்கை அரணாயின. 1674-இல் சிவாஜி முடிசூடியது இங்குதான். 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் ராய்கட்டும் நம் செஞ்சியும் அடங்கும். செஞ்சியின் குன்றுகள் நிலத்தடியில் மெல்ல இறுகி, பின்னர் வெளிப்பட்ட கிரானைட். ஆதலால் அங்கே உருண்ட பாறைகள், இங்கே படிப்படியான அடுக்குகள்.

பயணக் குறிப்புகள்

முந்தைய இரவே ஹரிஹரேஷ்வரில் தங்குதல் நலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலோரப் பாதையைத் தவிர்க்க வேண்டும். வழுக்காத காலணி அவசியம். ராய்கட் ஏற முதியோர் கயிற்றூர்தியைப் பயன்படுத்தலாம். அதன் கடைசி நேரத்தை ஏறும்போதே கேட்டறிந்துகொள்ளுங்கள்.