பழைய டிரெட்மில்லில் ஒரு தரை மேசை

அடுக்குமாடிக் குப்பைத் தொட்டி பக்கம் மெத்தை, அலமாரியோடு டிரெட்மில்லும் சாய்ந்து கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீங்க. மோட்டார் போனதும் தூக்கிப் போட்டுடறாங்க. இரும்புச் சட்டமும் பலகையும் அப்படியே நல்லாத்தான் இருக்கும். நம்ம டியூஷன் வகுப்பில் தரையில் உட்கார்ந்து எழுதும் பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஒரு மேசை செய்யலாம். நிர்வாகத்திடம் கேட்டுட்டு எடுத்து வாங்க.

முதலில் மின்சாரம். பிளக்கைப் பிடுங்கியாச்சே என்று மோட்டார் மூடிக்குள்ளே கை விடாதீங்க. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் வரை ஏறும். அதைக் கப்பாசிட்டர் பிடித்து வைத்திருக்கும். ஒரு நாள் சும்மா விட்டு, மல்டிமீட்டரில் அளந்து, பூஜ்யம் பக்கத்தில் இருந்தால்தான் தொடணும். அளக்கத் தெரியாதவங்க, தெரிந்த அண்ணன் யாரையாவது கூப்பிடுங்க. இதில் வெட்கம் வேண்டாம்.

அடுத்தது, இந்தக் கட்டுரையே இதுக்காகத்தான்: பலகையைப் பக்கச் சட்டத்திலிருந்து கழட்டாதீங்க. நிறைய பேர் பலகையை மட்டும் எடுத்து, இரண்டு முனையிலும் கால் வைத்து மேசை பண்ணிடறாங்க. டிரெட்மில்லில் அந்தப் பலகையை நீளவாட்டில் இரண்டு பக்கமும் இரும்பு தாங்குது. அதாவது, தாங்கும் இடைவெளி பலகையின் அகலம் மட்டும்தான். முனைகளில் மட்டும் கால் வைத்தால் இடைவெளி முழு நீளமாகிடும். ஒரே பலகையில் இடைவெளி இரண்டு மடங்கானால், நடுவில் வைக்கும் அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்கு. பலகையோ பெரும்பாலும் எம்.டி.எஃப்.; பாரம் நிரந்தரமா இருந்தா மெல்ல மெல்ல வளைந்துகிட்டே போகும். நம்ம ஊர் ஈரக்காற்றில் ஓரங்கள் வேறு ஊதும். அதனால் ஓரங்களுக்குப் பெயிண்ட் அடித்து மூடுங்க.

கைப்பிடியைத் தாங்கும் இரண்டு குழாய்களை வெட்டினால் நான்கு கால்கள் கிடைக்கும். சம்மணம் போட்டு எழுத, மேற்பரப்பு தரையிலிருந்து 30 செ.மீ. இருந்தால் போதும். வெல்டிங் தேவையில்லை, போல்ட் போதும். ஒரு காலுக்கு ஒரு போல்ட் போட்டால் அது கீல் மாதிரி சுழலும், இரண்டு போடுங்க. குழாய் மெல்லிசு, நட்டை இறுக்கினால் நசுங்கும். உள்ளே ஒரு மரத்துண்டைச் செருகி, அதையும் சேர்த்துத் துளை போடுங்க. வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அரம் போட்டு ரப்பர் மூடி மாட்டணும்.

பலகை மேல் சிலிக்கோன் எண்ணெய் ஊறியிருக்கும், அதனால் பெயிண்ட் ஒட்டாது, குமிழ் குமிழா விலகும். மல்லுக்கட்டாமல் மேலே மெல்லிய பிளைவுட் ஒன்றைத் திருகி முடிச்சிடுங்க. மோட்டார் இருந்த பள்ளம்? பென்சில் டப்பாவுக்கு அருமையான இடம்.

வெயிட் பெஞ்ச் கிடைத்தால் வேலை இன்னும் குறைவு. அது ஏற்கெனவே ஒரு பெஞ்சுதான்.

பிள்ளைகளிடம் கொடுக்கும் முன், பெரியவர் ஒருவர் மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து பாருங்க. மறுமுனை கொஞ்சமாவது எழும்பினால், கால்களை இன்னும் வெளியே தள்ளிப் புதுத் துளை போடுங்க.